மிளகாய்க்கு அடுத்த ஈடு

வேப்பங்கேணித் தெருவில் மாவு மில் நடத்துகிற லில்லிக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்தத் தெருவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. வந்து என்றால் குடிவந்து அல்ல. தெருக்கோடியில் ரோட்டைத் தாண்டி இருக்கிற காலனியிலிருந்து காலை ஏழு மணிக்கு நடந்து வந்து ஷட்டரைத் தூக்குவாள், சாயங்காலம் ஏழு மணிக்கு இறக்கிவிட்டு நடந்து போவாள். யார் வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்குச் சர்க்கரை வந்து அரிசியிலிருந்து கேழ்வரகுக்கு இறங்கிவிட்டார் என்பதையெல்லாம் அரைக்க வருகிற சாமானை வைத்தே சொல்லிவிடுவாள். கேட்டால்தான் சொல்வாள். கேட்காத இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் முப்பத்திரண்டு வருடம் ஓட்ட முடிந்தது.

மில் முதலில் முனிரத்தினத்துடையது. கல்யாணமான மறு வருடம் லில்லி அங்கே சலிக்கவும் கூட்டவும் எடை போடவும் ஆளாகச் சேர்ந்தாள். புருஷன் வீராசாமி லாரி ஓட்டினான். அவன் எந்தக் கிழமை வீட்டுக்கு வருவான் என்பது லாரிக்கே தெரியாது, அதனால் அவள் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் முனிரத்தினம் மகனோடு சென்னைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தபோது மிஷின்களை வாங்க ஒருவரும் வரவில்லை. ஊரே பாக்கெட் மாவுக்கு மாறிவிட்ட பிறகு மில்லை வாங்குகிற பைத்தியம் யார்? லில்லி வாங்கினாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. போர்டில் இன்னும் முனிரத்தினம் பெயர்தான் இருக்கிறது. மாற்றவில்லையா என்று யாராவது கேட்டால், மாவு என்ன போர்டிலா அரைகிறது என்பாள்.

மில்லில் இரண்டு மிஷின். இடது பக்கம் இருப்பது அரிசிக்கு மட்டும். வலது பக்கம் இருப்பதில் மற்ற எல்லாம்: கோதுமை, கேழ்வரகு, கடலை, மல்லி, மிளகாய். ஒரு தடவைக்குக் கொட்டி அரைப்பதை ஈடு என்பார்கள். மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்த ஈடாக எது விழுந்தாலும் அதில் காரம் ஏறும். மிஷினைத் துடைத்தாலும் போகாது, உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு கை நொய்யரிசியை முதலில் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் போடுவது சுத்தமாக வரும்.

முனிரத்தினம் சிக்கனமான மனிதர். நொய்யை வீணாக்க மாட்டார். மிளகாய்க்கு அடுத்த ஈடாகக் காலனிக்காரர்கள் கொண்டுவந்த கேழ்வரகைப் போடுவார். அது மிஷினைக் கழுவிக் கொடுத்துவிடும், பின்னால் வருகிற தெருக்காரர்களுக்கு மாவு பூவாக விழும். இதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை, பெரிதாகச் சொன்னதும் இல்லை. காலனிப் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எப்போது மிளகாய் முடியும் என்று காத்திருப்பார்கள்.

லில்லியின் அம்மாவும் அங்கே காத்திருந்தவள்தான். அதனால் பன்னிரண்டு வயது வரைக்கும் கேழ்வரகு என்றாலே காரமான தானியம் என்றுதான் லில்லி நினைத்திருந்தாள். வாலாஜாபாத்தில் சித்தி வீட்டில் முதல்முறை காரமில்லாத களி சாப்பிட்டபோது, அதில் ஏதோ போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மரியாதைக்குச் சொல்லாமல் விட்டாள். மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் விஷயம் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? இருபத்து நான்கு வருடம் தன் கையாலேயே தன் ஜனத்தின் கேழ்வரகை மிளகாய்க்குப் பின்னால் கொட்டினாள். முதலாளி சொல்வதைச் செய்வது அவள் வேலை. மில் கைக்கு வந்த அன்று அவள் வாங்கிய முதல் சாமான் ஒரு மூட்டை நொய்.

அதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் வேறொன்றைக் கவனித்தார்கள். ஆடி மாதம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்க, எல்லா வீட்டுக் கேழ்வரகையும் ஒரே வெள்ளிக்கிழமையில் மொத்தமாக அரைப்பது வழக்கம். மிஷினைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, அன்றைக்கு வேறு எதையும் அதில் போட மாட்டார்கள். முனிரத்தினம் ஊரை விட்டுப் போன வருடத்திலிருந்து அந்த மூட்டைகள் ரயில்வே ரோட்டுப் பக்கம் இருக்கிற பெரிய மில்லுக்கு ஆட்டோவில் போயின. பெரிய மிஷினில் சீக்கிரம் ஆகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். லில்லியும் ஆமாம், சீக்கிரம் ஆகும் என்றாள். மூன்று வருடம் அப்படிப் போயிற்று.

அதற்குள் இந்திக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் தெருமுனையில் நிற்க ஆரம்பித்ததிலிருந்து அது நடந்தது. முதலில் ஒரு அறையில் நாலு பேர். பிறகு எட்டு பேர். பிறகு மாடியில், பின்கட்டில், ஷெட்டில். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று அவர்களுக்குள் நாலு பாஷை, நாலு சமையல் இருந்தும் தெருவுக்கு எல்லோரும் இந்திக்காரர்கள்தான். கறிக்கடையில் இந்தி எழுதினார்கள். செல்போன் கடையில் இந்தியில் பேசினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவின் இரண்டு ஓரமும் பையன்கள் சுவரில் சாய்ந்து, ஊரில் இருக்கிற அம்மாவிடமோ பெண்டாட்டியிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தெருவில் இதைப் பற்றி அதிகம் பேசுகிறவள் நடுவீட்டுக் காந்தா. தாமலிலிருந்து நாற்பது வருடத்துக்கு முன்னால் மருமகளாக வந்தவள். புருஷன் பழனி ஒரு காலத்தில் கட்சியில் வட்டச் செயலாளர், இப்போது அம்மன் கோயில் விழாவுக்குத் தலைவர். தலைவர் அவர் என்றாலும் வேலை வாங்குகிறவள் காந்தா. தெருவே மாறிப்போச்சு என்று வாய் ஓயாமல் சொல்லுவாள். அதே வாயால், பின்கட்டில் தடுத்துக் கட்டிய ஐந்து அறைகளையும் இந்திக்காரர்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறாள். நம் ஆட்களுக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்பது அவள் அனுபவம். இதில் முரண் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. தெருவில் பாதிப் பேருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள்.

காந்தா கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. ஒருநாள் மில்லில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னது லில்லிக்கு நினைவிருக்கிறது. முன்பெல்லாம் உள்ளே அடுப்படியில் இருந்தபடியே வெளியே போகிறவர் யார் என்று இருமலை வைத்துச் சொல்லிவிடுவாளாம். இப்போது எட்டிப் பார்த்தாலும் யார் என்று தெரியவில்லையாம். "எந்தத் தெருவுல இருக்கிறேன்னே தெரியல லில்லி" என்று சொன்னபோது அவள் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. லில்லிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தனக்கு அந்த மாதிரி ஒருநாளும் தோன்றாததன் காரணமும் உடனே தெரிந்தது. தன்னுடையது என்று நினைத்திருந்தால்தானே தொலைந்துபோனதாகத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் நம்ம லில்லி ஆனாள். கோதுமை அரைக்க வந்த காந்தா, நாலு பீகார்ப் பையன்கள் பையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நம்ம லில்லி ஒருத்தியாவது இருக்கிறாளே என்றாள். ஒருத்தி சொன்னதை நாலு பேர் சொன்னார்கள். அந்த வருடமே ஆடிக் கேழ்வரகு மூட்டைகள் ரயில்வே ரோட்டுக்குப் போகாமல் லில்லியின் மில்லுக்குத் திரும்பி வந்தன. கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கு நிறையக் கூழும் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் மில்லுக்கே வந்து சேர்ந்தன. லில்லி காலையில் சபைக்குப் போய்விட்டு வந்து அதைக் குடித்தாள். போதகருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்பதால் தெரியப்படுத்தவில்லை. அந்த வருடத்தோடு சேர்த்து ஐந்து வருடம் தவறாமல் தூக்கு வந்தது. அவளுக்கு அதில் பெருமை இருந்தது, சந்தோஷம் இருந்தது. யாரோ வந்ததால்தான் தனக்கு இது கிடைத்தது என்று தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த யாரோவை அவளும் ஒன்றும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. மகன் தனுஷ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். போன வருடம் அவனையும் இன்னும் இருபது பேரையும் நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களை எடுத்தார்கள். அவன் இரண்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, பார்க்கிற இந்திக்காரனையெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தான். இப்போது பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதில் பாதி அவர்கள் அறைகளுக்குத்தான் போகிறது. மில்லும் அப்படித்தான். தெருக்காரர்கள் பாக்கெட்டில் வாங்க, மிஷின் ஓடுவது இந்திக்காரர்களின் கோதுமையிலும் கடலையிலும். வயிற்றுப் பாட்டுக்கு அவர்கள் வேண்டும், மனசுக்கு வேண்டாம் என்ற நிலையில் அவள் இருந்தாள்.

அவர்களில் வாராவாரம் வருகிறவள் ரிங்கி. காந்தாவின் பின்கட்டில் மூன்றாவது அறை. புருஷன் காருக்குச் சீட் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். ஒன்றரை வயதில் ஒரு பையன், எந்நேரமும் இடுப்பில் இருப்பான். வறுத்த கடலையை மாவாக அரைத்து வாங்கிப்போய்ப் பக்கத்து அறைப் பையன்களுக்கும் கொடுப்பாள். அதை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அவர்கள் வேலைக்கு ஓடுவார்கள். மூன்று வருடத்தில் ரிங்கி கடைத்தெருத் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் பெண் நல்ல பெண், மற்றதுகள்தான் சரியில்லை என்று காந்தா சொல்லுவாள். மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் குடித்தனக்காரர்களைப் பற்றி இதையே சொன்னார்கள்.

இந்த வருடம் ஆனி கடைசியில் காந்தா மில்லுக்கு வந்தாள். கையில் அரைக்கிற சாமான் ஒன்றும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மிஷின் நிற்கும் வரைக்கும் காத்திருந்து பேச்சை எடுத்தாள்.

"ஆடி வருது லில்லி. அம்மனுக்குக் கேவுரு அரைக்கணும். அதே மிஷின்ல அவங்களுதையும் போட்டு அரைச்சிக்கினு இருக்கிறியே, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா."

லில்லி சல்லடையைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

"அரைக்காதன்னு சொல்லல. உன் பொழப்ப நான் கெடுப்பனா? மிளகாய்க்கு அடுத்தாப்பல போடு. நம்ம மொதலாளி காலத்துல அப்படி ஒரு பழக்கம் வச்சிருந்தாரு பாரு, அந்த மாதிரி."

லில்லி காந்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்திக் காட்டுகிறாளோ என்று தேடினாள். அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பழக்கம் நினைவிருந்தது, அது யாருக்காக இருந்தது என்பது மட்டும் காந்தாவுக்கு மறந்துபோயிருந்தது. நம்ம லில்லி ஆன பிறகு அதை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

லில்லி சரிம்மா என்றாள். ஏன் சொன்னாள் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். மாட்டேன் என்றால் மூட்டைகள் மறுபடியும் ரயில்வே ரோட்டுக்குப் போகும், தூக்கும் நின்றுபோகும். அது ஒரு காரணம். தனுஷின் முகம் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. மிளகாய்க்கு அடுத்த ஈட்டில் தன் ஜனம் இல்லாமல் வேறு யாராவது இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க உள்ளுக்குள் ஒரு ஆசை. இதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், ஆனால் தன்னிடம் மறைக்கிற ஆள் இல்லை.

பார்த்தாள். ஒன்றும் பிரமாதமாக இல்லை. ரிங்கியின் பையை வாங்கி ஓரமாக வைப்பாள். தெருவில் யாராவது குழம்புத்தூளுக்கு மிளகாய் கொண்டுவந்தால் அரைப்பாள், அடுத்து ரிங்கியின் கடலையைக் கொட்டுவாள். நொய் மிச்சம். அறைப் பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே அந்த மாவில் பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டுக் குடிக்கிறவர்கள், இந்த வாரம் மாவு ருசியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்களாம்.

மூன்றாவது வாரம், ஆடி பிறந்து பத்தாம் நாள், ரிங்கி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு டப்பாவில் கொஞ்சம் மாவு. பையனின் வாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. அழுது ஓய்ந்த முகம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து லில்லி முன்கூட்டியே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். மிஷின் பழசு, அப்படித்தான் வரும் என்று ஒரு பதிலையும் தயார் செய்துகொண்டாள்.

ரிங்கி சண்டை போடவில்லை. கடலை சரியில்லை என்று நினைத்திருக்கிறாள். முதல் வாரம் ஒரு கடையில் வாங்கினாளாம். காரமாக இருக்கிறது என்று இரண்டாவது வாரம் வேறு கடை. மூன்றாவது வாரம் காந்தி ரோடு வரைக்கும் நடந்து போய் வாங்கி, கழுவிக் காயவைத்துத் தானே வறுத்தும் பார்த்துவிட்டாளாம். அப்படியும் பிள்ளை குடிக்கவில்லை. கரைத்து ஊட்டினால் துப்பிவிட்டு அழுகிறான்.

"அக்கா, காரம் இல்லாத கடலை எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள்.

லில்லி டப்பாவில் விரலை வைத்து நாக்கில் தொட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத ருசி இல்லை அது. சின்ன வயதிலிருந்து பழகியது, நாக்கு உடனே சொல்லிவிட்டது. தன்னைப் போல ஒரு மடச்சி, கடலைக்குக் காரம் உண்டு என்று நம்பிக்கொண்டு கடை கடையாக அலைந்திருக்கிறாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் என்றிருந்தது லில்லிக்கு. வெட்கமாகவும் இருந்தது. அவள் உண்மையைச் சொல்லவில்லை. மிஷினில் கொஞ்சம் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன், நாளைக்குக் கடலை கொண்டுவா, நானே பார்த்து அரைத்துத் தருகிறேன் என்றாள். மறுநாள் நாலு கைக்குப் பதிலாக எட்டு கை நொய் போட்டு ஓட்டிவிட்டுத்தான் ரிங்கியின் ஈட்டைக் கொட்டினாள். கூலி வாங்கவில்லை. ஏன் என்று ரிங்கிக்குப் புரியவில்லை, பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனாள்.

அதிலிருந்து யாருடைய சாமான் வந்தாலும் நொய் போட்டுத்தான் அரைத்தாள். காந்தாவிடம் போய்ச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

கேட்கிற நாளும் வந்தது. கூழுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் மிஷினைக் கழுவி, மஞ்சள் பூசி, மூன்று பொட்டு வைத்து லில்லி தயாராக இருந்தாள். பதினோரு வீட்டு மூட்டைகளோடு பெண்கள் வந்து நின்றார்கள். காந்தாவின் மூட்டைதான் எப்போதும் முதலில் விழும், அதுதான் அம்மனுக்கு முதல் அண்டா. மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டே, ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி காந்தா கேட்டாள்.

"சொன்ன மாதிரிதானே செய்ற? அவங்களுத மிளகாய்க்கு அப்புறம்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. யாரும் சத்தியம் கேட்கப் போவதில்லை. பதினோரு பெண்களும் பதிலுக்குக் காத்திருக்கக்கூட இல்லை. ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லில்லிக்கு வாயில் ஆமாம் வந்தது. பிறகு அது போய்விட்டது.

"இல்லம்மா" என்றாள். "மொதல்ல செஞ்சேன். இப்ப நொய் போட்டுத்தான் அரைக்கிறேன். எல்லாருதும் ஒண்ணாத்தான் போவுது."

கல் பொறுக்கியவளின் கை நின்றது. காந்தா மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று பார்த்தாலே தெரிந்தது. நம்பி வைத்திருந்த ஆள் இப்படிச் செய்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அம்மன் காரியம்னு உங்கிட்ட கொடுத்தோம் லில்லி. எத்தினி வருசம் பழகினாலும்" என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

மீதி என்ன என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். லில்லிக்கும் தெரியும். இரண்டு ஆட்டோ வந்தது. தெரு ஈடு பிரியக்கூடாது என்பதால் பதினோரு மூட்டையும் ஏறிற்று. மூட்டையைத் தூக்கிக் கொடுக்க லில்லியும் ஒரு கை பிடித்தாள். மஞ்சள் பூசிய மிஷின் அன்று முழுவதும் சும்மா நின்றது. அதில் வேறு எதையும் போட அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் வழக்கம்போல் மில்லுக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் வந்தது. பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. தூக்கோடு யாரும் வரவில்லை. வராது என்று தெரியும், தெரிந்துதான் வந்திருந்தாள். இருந்தாலும் தெருவில் யார் நடந்தாலும் தலை தானாகத் திரும்பியது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு தூக்குக் கூழுக்கு இப்படி ஏங்குகிற வயதா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிற தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள். அம்மன் கூழை வரிசையில் வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஊற்றியாக வேண்டும். அதில் காந்தாவுக்குச் சொந்தம் என்று ஒன்றும் இல்லை.

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அந்த வரிசையில் நின்றதில்லை. ஆரம்பத்தில் காலனிக்காரர்களுக்குத் தெருக்கோடியில் தனியாக ஊற்றினார்கள், கடைசியில் மில்லுக்கே வந்தது. இப்போது வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசி இந்திக்காரப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு, கையில் டிபன் டப்பாவும் பிளாஸ்டிக் மக்கும். தெருக்காரர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சேரும், அவர்கள் வரிசைக்கு வருவதில்லை. முன்னால் நின்ற ரிங்கி அவளைப் பார்த்துவிட்டு, அக்கா இங்கே வா என்று இடம் விட்டாள். லில்லி வேண்டாம் என்று தலையசைத்து அவளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

அப்போதுதான் முதல் அண்டாவைத் திறந்து ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். பம்பைக்காரர்கள் வரத் தாமதமாகிப் படையல் தள்ளிப்போய்விட்டதாம். அம்மனுக்குப் படைக்கிற கூழைப் படையல் முடிகிற வரைக்கும் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது, உப்புகூட ஒரு குத்துமதிப்புதான். அகப்பையோடு காந்தா நின்றாள். ரிங்கிக்கு ஊற்றும்போது பையனின் கன்னத்தைத் தட்டினாள். அடுத்து நின்ற லில்லியைப் பார்த்ததும் அகப்பை ஒரு கணம் நின்றது. பிறகு நிறையவே ஊற்றினாள்.

மாவைக் கண்டால் நாக்கில் வைத்துப் பார்ப்பது லில்லிக்குத் தொழில் பழக்கம். நகர்வதற்கு முன்னாலேயே ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ரிங்கி ஓரமாக நிழலில் உட்கார்ந்து, கூழை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். பையன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

"ரிங்கி, புள்ளைக்குக் குடுக்காத. காரம்."

காந்தாவின் முகம் மாறிவிட்டது. "கூழுல ஏது காரம்?" என்றாள்.

"பெரிய மில்லுல மொதல்ல விழுந்தது உங்க மூட்டைதானே?"

"ஆமா. காலையிலருந்து நிக்க வச்சிட்டான். அவன் ஆளுங்களுதையெல்லாம் முடிச்சிட்டு, ஓட்டல்காரனுத ஒரு மூட்டையும் அரைச்சிட்டு அப்புறம்தான் எங்களுத எடுத்தான்."

"ஓட்டல்காரன் போட்டது மிளகாயா?"

காந்தா யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். கண் கலங்கியது, காரத்தாலா வேறு எதனாலா தெரியவில்லை. அம்மனுக்குப் படைத்தாயிற்று, திருப்பி எடுக்க முடியாது. முதல் அண்டா, அவள் வீட்டு மூட்டை.

"தெரியாத ஆளுங்களுதுன்னா அப்படித்தாம்மா போடுவாங்க" என்றாள் லில்லி. அதில் குத்தல் எதுவும் இல்லை. மில் எப்படி நடக்கும் என்பதைத்தான் சொன்னாள்.

"ஏன், நாங்க என்னா மனுசங்க இல்லையா?" என்றாள் காந்தா. "நாலு கை நொய் போட்டு ஓட்டிட்டு அரைச்சா ஆகாதா அவனுக்கு?"

லில்லி காந்தாவைப் பார்த்தபடியே நின்றாள். காந்தாவும் பார்த்தாள். அடுத்து நின்ற பையன் டப்பாவை நீட்டிக்கொண்டே இருந்தான், அவனுக்கு ஊற்ற வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.